தாத்தா போன வழியில் திரும்பி வந்தவனின் பேரன் எந்த நாட்டுக்காரன்?

காவிரிக்கரை எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே வைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

எனக்கு ஒரு நண்பன். 1992-ல் திருச்சிப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்தவன். பெயின்டிங் வேலை செய்கிறான். கை சுத்தமான வேலைக்காரன். வளைகுடாவில் நல்ல சம்பளத்துக்கு ஆள் கேட்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் இல்லை, எடுக்கவும் வழி இல்லை. போன வாரம் ஒரு மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்து, உள்ளே இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினான்.

முகாம் பதிவு அட்டை, ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம். அப்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன ஒரு ரசீது. அவன் தாத்தா கண்டியில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்தது. தாத்தா பிறந்தது துறையூர்ப் பக்கம். சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்பா பிறந்தது அங்கே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். 1990-ல் அங்கிருந்தும் ஓடி, மன்னாரில் படகு ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

இந்த நாட்டில் பிறந்த தாத்தாவின் பேரன், இதே நாட்டில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் செய்து, 30 வயதைத் தாண்டிவிட்டான். அவனை நம் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' கணக்கில் வைத்திருக்கிறது. குடியேறினான் என்றால் எங்கிருந்து குடியேறினான்? திருச்சி அரசு ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்கு வந்ததுதான் அவன் செய்த ஒரே குடியேற்றம்.

---

பந்தலூர்_மழை எழுதியது:

அண்ணா, உங்கள் நண்பனின் தாத்தா போலத்தான் என் தாத்தாவும். ஒரே வித்தியாசம், எங்கள் தாத்தாவுக்குக் கப்பல் கிடைத்தது.

1948-ல் இலங்கை சுதந்திரம் வாங்கிய அதே ஆண்டில் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து ஓட்டும் போனது. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் அவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் இவர்களைப் பங்கு போட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1974-ல் அந்த மீதியையும் 75,000, 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். அதில் ஒரு எண்ணாக இருந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்து, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம் எங்களுக்காகவே தொடங்கியது. ரெப்கோ வங்கியும் 1969-ல் எங்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கியதுதான். அதையெல்லாம் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் கூடலூர், பந்தலூரில் இன்னும் எங்களுக்கு 'சிலோன்காரங்க' என்றுதான் பெயர். அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரன்', இங்கே வந்த பிறகு 'சிலோன்காரன்'. என் அப்பா சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் சாதி எழுதவில்லை, நாங்கள் எப்படித் தருவது என்பார்கள். ஊரில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கூட்டி வா என்பார்கள். நூறு வருஷம் முன்னால் விட்டுப்போன ஊரில் யாரைத் தேடுவது?

இத்தனைக்கும் நாங்கள் குடியுரிமையோடு வந்தவர்கள். போர் மூண்டு 1984-ல் கப்பல் நின்றது. அப்போது இந்திய பாஸ்போர்ட் கையில் வைத்துக்கொண்டு அக்கரையில் நின்றவர்கள் பல்லாயிரம் பேர். விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர். உங்கள் நண்பனின் தாத்தா அந்த வரிசையில் நின்றவர். கப்பலில் வந்தவன் தாயகம் திரும்பியவன், படகில் வந்தவன் அகதி. ஊர் ஒன்று, தோட்டம் ஒன்று, பல குடும்பங்களில் அண்ணன் தம்பியே இப்படிப் பிரிந்து கிடக்கிறார்கள்.

---

நேர்கோடு எழுதியது:

வருத்தமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்குச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இன்று இவர்களுக்குத் திறந்தால் நாளை வேறு எல்லையில் வேறொரு கூட்டம் இதே நியாயத்தைச் சொல்லும். அசாமில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அப்படியிருந்தும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தபோது யாரையும் கடலில் திருப்பித் தள்ளவில்லை. ரேஷன், பள்ளிக்கூடம், மாதப் பணம் எல்லாம் கொடுத்தோம். 2021-ல் தமிழ்நாடு அரசு 7,469 வீடுகள் உட்பட 317 கோடி ரூபாய்க்கு மேலான நலத்திட்டங்களை அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய். எத்தனை நாடுகள் இப்படிச் செய்யும்?

இன்னொன்று. இலங்கையே 2003-ல் சட்டம் போட்டு மலையகத்தாருக்கு, அதாவது தோட்டத்துத் தமிழர்களுக்கு, குடியுரிமை கொடுத்துவிட்டது. 2009-ல் அதைத் திருத்தி, இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் வழி செய்தது. அங்கே வாசல் திறந்திருக்கும்போது இங்கே ஏன் தட்ட வேண்டும்?

---

ஓய்வாசிரியை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கு சரி. நான் முகாம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் 22 வருஷம் வேலை பார்த்தவள். அந்த மாதப் பணமும் வீடும் எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்துக்குப் பத்து அறை, நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், இந்தப் பக்கம் அப்பா அம்மா. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படிப்பார்கள். அந்த அறைகளை இடித்து நல்ல வீடு கட்டியபோது எனக்கே கண் கலங்கியது.

ஆனால் பாருங்கள். என்னிடம் ஒரு பெண் படித்தாள். ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதல். போலீசில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. பத்தாம் வகுப்புவரை நானும் 'சேரலாம்மா, நன்றாக ஓடு' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அவளே வந்து சொன்னாள்: 'டீச்சர், எங்களை எடுக்க மாட்டாங்களாம்.' எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் என்னை அறுக்கிறது.

மாதாமாதம் கணக்கெடுப்பு நாளன்று பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள். வரிசையில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். வெளியூர் போனால் அனுமதி, திரும்பி வந்தால் கையெழுத்து. இங்கேயே பிறந்த பிள்ளைக்கு அதை எப்படி விளக்குவது? 'உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்' என்பதும் 'நீ எங்களில் ஒருத்தி' என்பதும் வேறு வேறு. முதலாவதை நம் அரசாங்கம் நாற்பது வருஷமாகச் செய்கிறது, ஓரளவு நன்றாகவே செய்கிறது. இரண்டாவதைச் செய்யவே இல்லை. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்ல மனதோடுதான் மாற்றினார்கள். ஆனால் எதிலிருந்து எதற்கு மறுவாழ்வு?

---

மன்றவாசி எழுதியது:

வழக்கறிஞராகக் கொஞ்சம் சட்ட விவரம் சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1955 குடியுரிமைச் சட்டம் ஆரம்பத்தில் தாராளமானது. இந்திய மண்ணில் பிறந்தால் நீ இந்தியன், அவ்வளவுதான். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு இது இன்றும் பொருந்தும். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கினார்கள். ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இதன் விளைவு என்ன தெரியுமா? முகாம் பெண் ஒருத்தி உள்ளூர்ப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்து, குழந்தை திருச்சியில் பிறந்தால், அப்பா இந்தியன், பிறந்த ஊர் இந்தியா, குழந்தை மட்டும் இந்தியன் இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளின் அப்பாக்கள் என்னிடம் வந்து 'நான் ஓட்டுப் போடுகிறவன் சார், என் பிள்ளை எப்படி வெளிநாட்டுக்காரன் ஆனான்?' என்று கேட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, காவிரிக்கரையின் நண்பன். அவனுடைய அப்பா, சட்டத்தின் விளக்கப்படியே 'இந்திய வம்சாவளியினர்'. ஏனென்றால் அவரைப் பெற்றவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்தவர். அப்படிப்பட்டவர் ஏழு வருஷம் இங்கே வசித்தால் 5-ஆம் பிரிவில் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்ததால் 'சட்டவிரோதக் குடியேறி', அதனால் அந்தப் பிரிவு அவருக்கு மூடிவிட்டது. மகனுக்கு அதற்கு முன்பே தடை. அந்த விளக்கம் பெற்றோரோடு நின்றுவிடுகிறது, தாத்தாவைக் கணக்கில் எடுப்பதில்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்த ஆறு மதத்தாரை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வார்த்தையிலிருந்து விடுவித்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

நேர்கோடு சொன்ன 'சட்டம் என்று ஒன்று இருக்கிறது' என்பதற்கு இதுதான் என் பதில். சட்டம் மலை மாதிரி அசையாமல் நிற்பது இல்லை. 1987-ல் மாறியது, 2004-ல் மாறியது, 2019-ல் மாறியது. யாருக்காக மாற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாரோ முடிவு செய்தார்கள்.

நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. 2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இதே போன்ற மலையக வம்சாவளிக்காரர்கள் தொடுத்த வழக்கில், இவர்களுடைய விண்ணப்பங்களை மத்திய அரசு கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்றார். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பாஸ்போர்ட் கிடைத்தது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். மறுபக்கம், 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், எல்லா நாட்டு அகதிகளுக்கும் இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கியது. நல்ல விஷயம். ஆனால் அதுவும் 'உன்னைத் தண்டிக்க மாட்டேன்' என்பதுதான், 'உன்னை ஏற்கிறேன்' என்பது இல்லை.

---

வடமராட்சி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் கதைப்பதை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேணும்.

முகாமில் இருப்பவர்கள் எல்லாரும் மலையகத்தார் இல்லை. வடக்கு, கிழக்கு, மன்னார்ச் சனம் ஏராளம். அவர்களுக்கு இங்கே காணி இருக்கிறது. ஆட்கள் இல்லாத காணியைக் காடு மூடுகிறது, இல்லாவிட்டால் அரசுத் திணைக்களங்கள் எல்லைக்கல் நடுகின்றன. ஆட்தொகை குறையக் குறைய எங்கள் குரலும் குறைகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010-ல் ஒன்பது ஆசனம், 2015-ல் ஏழு, 2024-ல் ஆறு. போனவர்கள் எல்லாம் அங்கேயே குடியுரிமை எடுத்து நின்றுவிட்டால் இங்கே என்ன மிஞ்சும்? சந்திரகாசன் ஐயா 1984-ல் அகதிகளுக்காகத் தொடங்கிய ஒபர் அமைப்பு பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுத்ததும் பிறப்புப் பதிவுகளை எடுத்துக் கொடுத்ததும் ஒருநாள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

ஆனால் நேர்கோடு, 'வாசல் திறந்திருக்கு' என்று மட்டும் சொல்லாதையுங்கோ. 2025-ல் ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். உதவியோடு திரும்பி வந்த ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் வைத்தே கைது செய்தார்கள். என்ன குற்றம்? சண்டைக்காலத்தில் செல்லுபடியான கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம்.

---

காவிரிக்கரை எழுதியது:

அக்கரையில் அனுமதி இல்லாமல் போனது குற்றம், இக்கரையில் அனுமதி இல்லாமல் வந்தது குற்றம். ஒரே படகு, ஒரே இரவு. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதையும் எழுத முடியவில்லை.

நண்பனிடம் கேட்டேன், இலங்கைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு போகலாமே என்று. அவன் கோபப்படவில்லை. 'எங்கே போறது? அப்பா பிறந்த லயத்துல இப்ப வேற குடும்பம். வவுனியாவுல நாங்க இருந்தது காந்தியம்னு ஒரு தொண்டு அமைப்புக்காரங்க குடியேத்தின இடம், பத்திரம் கிடையாது. காணி இருக்கிறவங்க திரும்பிப் போகட்டும். எனக்குத் திரும்பிப் போறதுக்கு அங்க ஒண்ணுமில்ல' என்றான்.

வடமராட்சி ஐயா, காணி உள்ளவர்கள் மரியாதையோடு திரும்ப வேண்டும் என்பதை நான் முழுதாக ஏற்கிறேன். போக நினைப்பவனுக்குப் பாதை வேண்டும், இருக்க நினைப்பவனுக்குக் காகிதம் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட்டே நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

---

நேர்கோடு எழுதியது:

பலாலி விஷயம் எனக்குத் தெரியாது. வாசல் திறந்திருக்கிறது என்று சொன்னது அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் முதல் கவலை இன்னும் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு விதியைத் தளர்த்தினால் எல்லை எங்கே?

---

பந்தலூர்_மழை எழுதியது:

எல்லையை நாம் புதிதாகப் போட வேண்டாம் நண்பரே, 1964-லேயே போட்டுவிட்டார்கள். 5,25,000 பேரை ஏற்கிறேன் என்று டெல்லி கையெழுத்துப் போட்டது. பின்னால் 75,000 பேர் கூடினார்கள். ஆறு லட்சம். அதில் எல்லோரும் வந்து சேரவில்லை. கண்டியில் ரசீது வாங்கியவனின் குடும்பம் புதிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்குக் கொடுத்த வாக்கைத்தான் கேட்கிறது. இது யாருக்கும் முன்னுதாரணம் ஆகாது, ஏனென்றால் இப்படி ஒரு ஒப்பந்தம் வேறு யாருக்கும் கிடையாது.

முடியாது என்றும் இல்லை. 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. 1964 முதல் அங்கே இருக்கிற வம்சாவளியினரும் அவர்கள் பிள்ளைகளும் குடிமக்கள், முடிந்தது. 55 வருஷம் நாடற்றவர்கள் என்று வைத்திருந்த அதே நாடு. அதனால் லயத்துக்குப் பதில் மாளிகை வந்துவிடவில்லை, சம்பளப் போராட்டம் ஓயவில்லை. ஆனால் 'நீ யார்' என்ற கேள்வி அங்கே முடிந்தது.

மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பியது மண்டபம் முகாமில். ஒப்பந்தத்தில் திரும்பியவர்களை இறக்கியது மண்டபத்தில். 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களைப் பதிவு செய்ததும் மண்டபத்தில். உங்கள் நண்பனின் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாவது அந்த ஒரே இடத்தில் வரிசையில் நின்றிருக்கும்.

---

முகாம்பிள்ளை எழுதியது:

இதுவரைக்கும் வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். நானும் முகாம்தான். பிறந்தது 1998.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் படிவத்தில் 'தேசிய இனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் யோசிக்காமல் 'இந்தியன்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இலங்கை' என்று எழுதினால் பொய், நான் அதைப் பார்த்ததே இல்லை. 'இந்தியன்' என்று எழுதினால் குற்றம் ஆகிவிடுமோ என்று பயம். கடைசியில் அதை வெறுமையாக விட்டேன். அலுவலகத்தில் ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, என்னை ஒன்றும் கேட்காமல், பென்சிலால் 'முகாம்' என்று எழுதிக்கொண்டார். அவர் நல்லவர்தான், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்.

டீச்சர், அந்த ஓட்டப்பந்தயப் பெண் உங்கள் மேல் கோபமாக இருக்க மாட்டாள். எங்களுக்கும் யாராவது ஒருத்தர் 'ஓடு' என்று சொல்ல வேண்டியிருந்தது.

---

மன்றவாசி எழுதியது:

காவிரிக்கரை, வேலைக்கு வருவோம். நண்பனிடம் சொல்லுங்கள்:

அந்தக் கண்டி ரசீதை உடனே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து மூன்று இடத்தில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதில் ஒரு எண் இருக்கும், அதுதான் உயிர். தாத்தாவின் ஊரில் பழைய பிறப்புப் பதிவோ, பள்ளிச் சேர்க்கையோ, நிலப் பதிவோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தாவின் அண்ணன் தம்பி வழியில் யாராவது தாயகம் திரும்பியிருந்தால் அவர்களுடைய குடும்ப அட்டை நகல் பெரிய ஆதாரம். அப்புறம், பாஸ்போர்ட் சட்டத்தின் 20-ஆம் பிரிவு பொதுநலன் கருதி குடிமகன் அல்லாதவருக்கும் பயண ஆவணம் தர மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அபூர்வம்தான், ஆனால் கேட்பதில் தவறில்லை. முதலில் அப்பா பெயரில் குடியுரிமை விண்ணப்பம், 2019 தீர்ப்பைக் காட்டி. நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

---

பந்தலூர்_மழை எழுதியது:

தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், இவ்வளவும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் கோத்தகிரியில் சில உண்டு. ஞாயிற்றுக்கிழமை லைன் வீடுகளில் பெரியவர்கள் எல்லோரும் இருப்பார்கள். நான் போய்க் கேட்கிறேன்.

---

காவிரிக்கரை எழுதியது:

அனுப்பிவிட்டேன். ரசீதில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மடிப்பில் அழிந்திருக்கிறது. ஒன்று 3 மாதிரியும் தெரிகிறது, 8 மாதிரியும் தெரிகிறது. பூதக்கண்ணாடி வாங்க நண்பன் கடைக்குப் போயிருக்கிறான்.